துடைக்காத கீல்

ஓமலூர்
03.02.2025

அன்புள்ள அக்கா,

பஸ்ஸில் வரும் பொட்டலத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உள்ளே இந்தக் கடிதமும் ஒரு படமும்தான் இருக்கின்றன. படத்தில் இருப்பது ஒரு கதவுக் கீல். கீலைத் தாளின் மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, ஓட்டைகளுக்குள்ளும் பென்சிலை விட்டு எடுத்தேன். போனில் போட்டோ அனுப்பினால் ஆகாதா என்று கேட்பாய். போட்டோவில் விரல் நீளமும் முழ நீளமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாமாவுக்கு வேண்டியது அளவு.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் 'கார் கம்பெனி' என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். ஷோரூம் இல்லை அக்கா. ஜெயபிரகாஷ் சார் என்பவர் ஓமலூர் தாண்டி ஒரு பெரிய ஷெட் வைத்திருக்கிறார். பழைய கார்களை, அவை புதிதாக வந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே ஆக்கிக் கொடுப்பது அவர் தொழில். இப்போது வந்திருப்பது எண்பது வயது வண்டி. மூக்கு மட்டும் இரும்பு. முன்கதவிலிருந்து கடைசி வரை தேக்கு. ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் முப்பது வருடம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றதாம். முதல் நாள் பார்த்தபோது யாரோ பீரோவுக்குச் சக்கரம் மாட்டியது போல இருந்தது. இப்போது அதன் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

பின்கதவு கீழ்ப்பக்கமாகத் திறந்து பலகை போல விழும். அதைத் தாங்க நான்கு பித்தளைக் கீல்கள். மிஞ்சியிருப்பது ஒன்று. மற்ற மூன்றும் அதே அளவில், அதே வளைவில் வேண்டும். ஒன்று மாறினாலும் கதவின் பாரம் ஒரு பக்கம் இழுத்து மரம் பிளந்துவிடும் என்கிறார் சார். சென்னை, கோயம்புத்தூர் எல்லாம் கேட்டாயிற்று. மாமாவின் பட்டறையில் பழைய பஸ்ஸும் லாரியும் பிரிக்கிறார்களே, அங்கே இருக்குமோ என்று தோன்றியது. கீலின் உள் தகட்டில் பிறை போல ஒரு முத்திரையும் 27 என்ற எண்ணும் இருக்கும்.

வண்டியில் சேரும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு புத்தகத்தில் பதிவு உண்டு. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, என்ன வேலை நடந்தது, எல்லாம். சார் அதை வண்டியின் ஜாதகம் என்பார். என் கையெழுத்து நன்றாக இருப்பதால் எழுதுவது நான்.

ஒரு விஷயம். கிடைத்தால் இதேபோல் பஸ்ஸில் போட்டுவிடச் சொல். மாமா நேரில் கொண்டுவர வேண்டாம், வீண் அலைச்சல். வேலை நேரத்தில் போனும் வேண்டாம். சார் பக்கத்திலேயே இருப்பார்.

உன்
இலக்கியா


சங்ககிரி
10.02.2025

இலக்கி,

நான் பேனா பிடித்து ஆறு வருடம் இருக்கும். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதோடு சரி. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. நீ படித்தவள், நான் படிக்க வைத்தவள். அந்த மரியாதையாவது கொடு.

உன் படத்தை இவரிடம் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இடது கையால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது பழைய பஸ்ஸுக் கதவுக் கீலாச்சே! அம்மிணி கேட்டிருக்குதா?" அவ்வளவுதான், தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கிறது, ஆளைக் காணோம். பட்டறைக்குப் போய் மூன்று சாக்குகளைத் தரையில் கொட்டித் தேடினாராம். கூட வேலை செய்யும் சின்னுசாமி அண்ணன், "என்ன காளியப்பா, தங்கம் பொதைச்சு வெச்சிருந்தியா?" என்று கேட்க, இவர், "எங்க கொழுந்தியா கார் கம்பெனியில ஆபீசரு. அதுக்கு வேணுமாம்" என்றாராம். நீ எப்போது ஆபீசர் ஆனாய் என்று எனக்குத் தெரியாது. நானும் மறுக்கவில்லை.

இரண்டு கிடைத்துவிட்டன. பிறை இருந்தது, 27 இருந்தது. தாளின் மேல் வைத்துப் பார்த்தோம், நூல் பிசகவில்லை.

மூன்றாவது எங்கே தெரியுமா? எங்கள் வீட்டுப் பின்கதவில்! வீடு கட்டிய வருடம் ஒரு கீல் குறைகிறதென்று இவரே பட்டறையிலிருந்து எடுத்துவந்து அடித்தது. மேலே பச்சைப் பெயிண்ட் பூசியதால் பித்தளை என்றே எனக்குத் தெரியாது. ஆறு வருடமாகத் துணி காயப்போட அந்தக் கதவைத்தான் திறக்கிறேன். "வேற கீலு ஒண்ணு வாங்கியாந்து மாட்டிப்போட்டு இதக் கழட்டித் தாரேன்" என்கிறார். இரண்டு வாரம் பொறு.

கிடைத்த இரண்டும் கரி பிடித்துக் கிடந்தன. புது லாரிக்குப் பூஜை போடும் நாளில் போல்ட்டுத் தலையெல்லாம் மின்ன வேண்டும் என்பது இவருடைய சட்டம், உனக்குத்தான் தெரியுமே. பாலிஷ் பட்டறையில் அரை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து மெருகு போட்டு வாங்கிவந்தார். "ஆபீசுல நாலு பேரு பாப்பாங்க. அம்மிணிக்குத் தலகுனிவு வரக் கூடாது." இப்போது முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி இருக்கிறது.

அந்த ஜாதகப் புத்தகத்தில் தன் பேரும் ஏறுமா என்று நான்கு முறை கேட்டுவிட்டார். நேராகக் கேட்கவில்லை. "அதுல எல்லார் பேரும் எழுதுவாங்களாட்ட இருக்குது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். வண்டி முடிந்ததும் தூரத்தில் நின்று ஒரு முறை பார்த்தால் போதுமாம்.

ரஞ்சிதா


ஓமலூர்
21.02.2025

அன்புள்ள அக்கா,

கீல்கள் வந்து சேர்ந்தன. மாமாவுக்கு என் நன்றியைச் சொல்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லத்தான் வேண்டும். மெருகு போட்டிருக்கக் கூடாது. இந்த மாதிரி வேலையில் பழைய சாமானின் கறுப்புகூட வேண்டிய பொருள். பாலிஷ் போட்டதில் பிறையும் எண்ணும் தேய்ந்துபோய்விட்டன. பித்தளையின் மேல் இருந்த நிக்கல் பூச்சு முழுக்கப் போய்விட்டது. ஓட்டைகளின் விளிம்பு உருண்டுவிட்டதால் திருகாணியின் தலை உள்ளே அமராமல் எழும்பி நிற்கிறது. சார் இரண்டையும் ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்தார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அவ்வளவு மெதுவாக ஒரு பொருளை யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

மாமாவைக் குறை சொல்லவில்லை. படத்தில் நீளம் எழுதினேன், கனம் எழுதினேன், 'துடைக்க வேண்டாம்' என்று இரண்டு வார்த்தை எழுதத் தோன்றவில்லை. இங்கே வந்த பிறகு நான் கற்றுக்கொண்டது அது. பட்டறையில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் எப்படியாவது பயன்படுத்திக்கொள்ளலாம், மறுபடி நிக்கல் ஏற்றலாம் என்கிறார் சார். ஆனால் உன் வீட்டுக் கதவில் இருக்கும் கீலாவது தொடப்படாமல் வந்தால், முத்திரையோடு இரண்டு இருக்கும்.

அதனால் தயவுசெய்து அதற்கு உப்புத்தாள் வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், துணியால்கூடத் துடைக்க வேண்டாம் என்று மாமாவிடம் பக்குவமாகச் சொல்.

பொட்டலம் வந்த அன்று மாமா போன் செய்தார். சரியாகப் பேச முடியவில்லை. இங்கே ஷெட்டுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை.

மாமா நன்றாக இருக்கிறாரா?

இலக்கியா


சங்ககிரி
03.03.2025

இலக்கியா,

சிக்னல் என்று எழுதியிருக்கிறாய். உன் சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. நீ பேசியது பட்டறை முழுக்கக் கேட்டது.

நான் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. அன்றைக்கு இவர் கையெல்லாம் கிரீஸ். போனை ஒரு பழைய டயர் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள், ஒளித்துப் பேச அவர்களிடம் ஒன்றும் இல்லை. "அம்மிணி, சாமான் வந்துச்சுங்களா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், "யாரும்மா இவரு, எந்தக் கடை?" நீ சொன்னாய்: "சங்ககிரியில ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் சார். நாம சொன்னாலும் அவங்களுக்குப் புரியாது சார். பளபளன்னு இருந்தா போதும்னு நெனைக்கிறவங்க."

பிறகு உன் சார் கேட்டார், ஏன் பாலிஷ் போட்டீர்கள் என்று. இவர் என்ன சொன்னார் என்றாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க சார். மன்னிச்சுக்கோங்க மேடம்."

மேடம்!

போனை வைத்ததும் சின்னுசாமி அண்ணன், "என்ன காளியப்பா, உங்கூட்டு ஆபீசருக்கு உன்ற பேரே மறந்துபோச்சாட்ட இருக்குது?" என்றிருக்கிறார். பட்டறையே சிரித்திருக்கிறது. இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அது ஆபீசு. ஆபீசுல அப்படித்தான் பேசோணும்." அங்கேயும் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போனார். சோப்புப் பவுடர் போட்டுக் கையை மூன்று முறை கழுவினார். என்ன என்று கேட்டேன், கிரீஸ் போகவில்லை என்றார். பத்து நாள் கழித்துக் குழாயடியில் சின்னுசாமி அண்ணன் பெண்டாட்டி குப்பாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். குடம் நிரம்பி வழிந்ததை நான் பார்க்கவில்லை. "உன்ற தங்கச்சி பெரிய எடத்துக்குப் போயிருச்சாட்டம்" என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

நீ காலேஜில் சேர்ந்த அன்று அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். நம் ஊர் கெங்கவல்லியிலிருந்து உன்னை அழைத்துப் போய், அந்த ஃபாரத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது யார்? ஒரு நாள் வேலையை விட்டு, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாரே. அப்போது பழைய இரும்புக்காரர் உனக்குக் கூச்சமாக இல்லையா? ஹாஸ்டல் வாசலில் உனக்கு முறுக்கு டப்பா கொண்டுவந்து நின்றபோது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஜாதகத்தில் அவர் பேரை எழுதினாயா இல்லையா?

கதவுக் கீல் கிடைக்காது. என் வீட்டுக் கதவு, நான் கழற்ற விடமாட்டேன். உன் காரின் கதவு விழுந்தால் விழட்டும். சித்திரைக்கு இங்கே வர வேண்டாம். போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

ரஞ்சிதா


ஓமலூர்
11.03.2025

அக்கா,

நீ எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னதுதான்.

போன் வந்தபோது சார் பக்கத்தில் நின்றார். திரையில் 'மாமா' என்று வந்தது. அதை அவர் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் மூடினேன். அனுப்பியவர்தான் பேசுகிறார் என்று சொன்னேன். ஸ்பீக்கரில் போடும்மா, நானே கேட்கிறேன் என்றார் சார். போட்டேன். 'அம்மிணி' என்ற குரல் ஷெட்டுக்குள் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. அப்புறம் என் வாய் தானாகப் பேசியது என்று எழுதத்தான் கை வருகிறது. அது பொய். யோசித்துத்தான் பேசினேன். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது.

ஏன் என்று நீ கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், சாக்காக எடுத்துக்கொள்ளாதே. வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். விவசாயம் என்றேன். எத்தனை ஏக்கர் என்று கேட்டார்கள். அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகிறவர் என்று சொல்ல வந்தேன், நாலு ஏக்கர் என்று வந்தது. அன்றிலிருந்து அந்த நாலு ஏக்கரைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன். மழை பெய்தால் 'உங்க ஊர்ல மழையா, மஞ்சள் என்ன ஆச்சு?' என்று கேட்பார்கள். இல்லாத மஞ்சளுக்குப் பதில் சொல்வேன். அப்படி ஒரு வீட்டுப் பெண்ணுக்கு, கிரீஸ் கையோடு ஒரு மாமா இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

கீல் எங்கே கிடைத்தது என்று கேட்டபோது, 'விசாரித்துக் கண்டுபிடித்தேன் சார்' என்று சொல்லியிருந்தேன். மாமா சாக்கைக் கொட்டித் தேடியது, நான் விசாரித்ததாக ஆகிவிட்டது.

மெருகு விஷயத்திலும் அப்படியே. எழுதத் தவறியது நான்தான் என்று உனக்கு எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. மாமா மன்னிப்புக் கேட்டார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஜாதகத்தைப் பற்றிக் கேட்டாய். எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: 'கீல் 2, 3. சங்ககிரி, பழைய இரும்புக் கடை. பெயர் தெரியவில்லை.' என் கையெழுத்தில், வரி கோணாமல், அழகாக இருக்கிறது.

சாரிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறுகிறேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும், முதலில் அவர் டீ குடிக்கட்டும் என்று தோன்றுகிறது. அப்புறம் சாயங்காலம் ஆகிவிடுகிறது.

கீலை நான் கேட்கவில்லை. அது உன் வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்த ஃபாரத்தில் மாமா கையெழுத்துப் போட்டபோது பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடி போட்டார். ஒரு மைத்துளி அவர் சட்டையில் விழுந்தது. நான் பார்த்தேன், சொல்லவில்லை. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது அக்கா. கூச்சமாக இருந்ததா என்று கேட்டாயே. அன்றைக்கும் கொஞ்சம் இருந்தது. அதைத்தான் எழுத முடியாமல் மூன்று தாளைக் கிழித்தேன்.

இலக்கியா


சங்ககிரி
19.03.2025

இலக்கியா,

இத்துடன் கீல் வருகிறது. நான் அனுப்பவில்லை. நான் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அவரே கழற்றி வைத்துவிட்டார். திரும்பி வந்து பார்க்கிறேன், பின்கதவு ஒரு பக்கம் சாய்ந்து கட்டுக்கம்பியில் நிற்கிறது.

சண்டை போட்டேன். "கேட்டது அது. நான் தாரேன்னு சொன்னது. நடுவுல எது நடந்தா என்ன?" என்றார்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. நாலு ஏக்கர் இடத்தில் லேசாகச் சிரித்தார். மைத்துளி இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

கீலை எப்படி எடுத்தார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அத்தாயி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்களாம், அவர்கள்தான் சொன்னார்கள். கையில் ஒரு வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு பிடித்தாராம். "என்ன காளியப்பா, சுடுதா?" என்று கேட்டார்களாம். "இல்லீங்க. என்ற கை பட்டா இதுவும் கெட்டுப்போயிரும்."

பதினைந்து வருடம் இரும்பைப் பிடித்த கை, இலக்கியா.

அதனால் துடைக்கவில்லை. எண்ணெய் போடவில்லை. எங்கள் அடுப்புப் புகை, பச்சைப் பெயிண்ட், மூலையில் ஒரு சிலந்திக் கூடு, எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆறு திருகாணியும் தலையில் ஒற்றைக் கோடு வெட்டிய பழைய காலத்துத் திருகாணிதான், அவற்றையும் தனியாகப் பொட்டலம் கட்டியிருக்கிறார்.

பொட்டலத்தின் மேல் அனுப்புநர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். 'பழைய இரும்புக் கடை, சங்ககிரி. பெயர் தெரியவில்லை.' அவர் கையெழுத்துதான். ஏன் இப்படி எழுதுகிறாய் என்று கேட்டேன். "அங்க அப்படித்தான எழுதியிருக்குது. ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கட்டும். இல்லீன்னா மேடத்துக்குச் சங்கடம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். கோபமே இல்லை.

ரஞ்சிதா


ஓமலூர்
06.04.2025

அன்புள்ள அக்கா,

பதினைந்து நாள் ஆகிவிட்டது. செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. மேலே இருந்த எழுத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அப்படியே சாரின் மேசைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. "இதை அனுப்பினது எங்க மாமா சார். அக்கா வீட்டுக்காரர். பேர் காளியப்பன்" என்றேன்.

"ஓ, உங்க மாமாவா? மொதல்லயே சொல்லியிருந்தா நானே நேர்ல போய்ப் பாத்திருப்பேனேம்மா" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான் அக்கா. இந்த ஒன்றை மறைக்கத்தான் நான் இத்தனை நாள் உடம்பெல்லாம் விறைத்துக்கொண்டு திரிந்தேன். தெரிந்தால் இடி விழும் என்று இருந்தேன். அவர் சிலந்திக் கூட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிறுத்தினார். "அன்னைக்குப் போன்ல பேசினாரே, அவரா?"

"ஆமா சார்."

டீ கிளாஸை மேசையில் வைத்தார், அன்று கீலை வைத்த மாதிரி. பழைய இரும்புக்காரர் என் மாமா என்று கேட்டபோது மாறாத முகம் அப்போது மாறியது. "பாலிஷ் போட வேண்டாம்னு அவர்கிட்ட சொன்னியா?" என்றார். "சொல்லல சார். எழுத மறந்துட்டேன்." "அப்போ அவரு எதுக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு?" அப்பாவுக்கு நாலு ஏக்கரும் இல்லை என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. "ஜாதகத்தை எடுத்துட்டு வா" என்றார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக எழுதினால் வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, கீழே சரியானதை எழுதி, தேதி போட வேண்டும். அடித்த வரியும் படிக்கும்படி இருக்க வேண்டும். வண்டி எந்தக் கைக்குப் போனாலும் புத்தகமும் கூடவே போகும். இன்னும் ஐம்பது வருடம் கழித்துத் திறக்கிறவருக்கும், நான் முதலில் என்ன எழுதினேன் என்று தெரியும். அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மாமாவிடம் கொடு. இப்போது இப்படி இருக்கிறது:

கோடு போட்ட வரிக்குக் கீழே: 'கீல் 2, 3. கொடுத்தவர் காளியப்பன், பழைய பஸ், லாரி பாடி பிரிப்பவர், சங்ககிரி. இதை எழுதுபவரின் மாமா. முத்திரை தேய்ந்தது எழுதுபவர் சொல்லத் தவறியதால்.'

அதற்குக் கீழே: 'கீல் 4. காளியப்பன், ரஞ்சிதா வீட்டுப் பின்கதவிலிருந்து. பச்சைப் பெயிண்ட் அவர்கள் பூசியது. துடைக்காமல் வந்தது.'

கீலைக் கழுவி எடுத்தபோது பிறை தெளிவாக இருந்தது. 27-ம் இருந்தது. உள் மடிப்பில் மட்டும் உங்கள் பச்சையைச் சார் விட்டுவைத்திருக்கிறார். கதவைத் திறந்தால் நகக்கண் அளவு தெரியும். நேற்று நான்கையும் மாட்டினோம். கதவு சத்தமில்லாமல் விழுந்து நேராக நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, கை எழவில்லை.

வருகிற சனிக்கிழமை, 12-ம் தேதி, வண்டியை உடையவரிடம் கொடுக்கிறோம். மாமாவும் நீயும் வர வேண்டும். சாரும் கூப்பிட்டார். மாமாவிடம் பேச வேண்டும் என்றார். தூரத்தில் நின்று பார்க்க வேண்டாம்.

சேலத்தில் ஒரு ஜோடிக் கீல் வாங்கி இதில் வைத்திருக்கிறேன், உன் கதவுக்கு. புது எவர்சில்வர். அது இதற்கு ஈடு இல்லை என்று எனக்குத் தெரியும். மாமா என்னை மேடம் என்று சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பொட்டலத்தின் மேல் தன் பெயரை எழுதச் சொல்.

இலக்கியா


சங்ககிரி
09.04.2025

இலக்கி,

கடிதமும் கீலும் வந்தன.

அந்தத் தாளை அவரிடம் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தார். அடித்த வரியின் கீழே விரலை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி ஒரு முறை, கீழே இருப்பதை ஒரு முறை. "அடிச்சது நல்லாத் தெரியுதே" என்றார். தெரிய வேண்டும் என்றுதான் சட்டமாம் என்றேன். "புள்ள தன்ற பேருக்குத் தானே கோடு போட்டுக்கிட்டாப்பல இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தாளை நாலாக மடித்தார். உன் காலேஜ் ஃபாரத்தின் நகலை வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டார். அதை அவர் வைத்திருப்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமைக்கு வரமாட்டாராம். வேலை இருக்கிறது என்றார். ஒரு வேலையும் இல்லை, எனக்குத் தெரியும். திரும்பக் கேட்டதற்கு, "அங்க நாலு பேரு முன்னால என்னைக் கூட்டிக் காட்டோணும்னு அதுக்கு இருக்கும். அது அதுக்கு நல்லது. எனக்கு வேண்டாம்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. நீயும் வற்புறுத்தாதே. எல்லாவற்றையும் ஒரு நாளில் சரிசெய்துவிட முடியாது இலக்கி. குழாயடியில் குப்பாயி இன்னும் என்னைப் பார்த்து, "ஆபீசரம்மா சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறாள். உனக்கும் சேர்த்து நான்தான் தலை குனிகிறேன்.

நீ அனுப்பிய கீலைப் பிரித்துப் பார்த்தார். "பளபளன்னுதான் வாங்கியிருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். அந்த போனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் முறை. ஆனால் மாட்டவில்லை. ஜன்னல் மேல் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், கதவு மாட்டுவது ஒரு ஆள் வேலை இல்லையாம். ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் திருகாணி முறுக்க வேண்டும். நான் பிடிக்கிறேன் வாருங்கள் என்றேன்.

"உனக்கு ஒசரம் பத்தாது. அம்மிணி ஞாயித்துக்கெழமை லீவுதான?" என்றார்.

நீயும் நானும் ஒரே உயரம். போன பொங்கலுக்கு நம் இரண்டு பேரையும் அந்தக் கதவில் சாய்த்து நிறுத்தி அளந்து பார்த்தவரே அவர்தான்.

ரஞ்சிதா